குறை என்னிடம்தான் என்று சொன்ன நாள்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகிற தனியார் பஸ்ஸில் நான் டிரைவராக இருந்தேன். காலையில் கிளம்பினால் முதலில் நிற்கிற பெரிய ஊர் கீழ்பென்னாத்தூர். என் மனைவி பிறந்த ஊர் அது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே என் மாமனாரின் மல்லாட்டை மண்டி இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான புதிதில் வண்டி நின்றதும் மாமனார் ஒரு சொம்பு மோரோடு ஓடி வருவார். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் நான் ஊர் மாப்பிள்ளை.

"இன்னா மாப்ளே, வீட்ல விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

முதல் வருஷம் இதைக் கேட்டால் சிரிப்பேன். இரண்டாம் வருஷம் "இன்னும் இல்லீங்க" என்பேன். மூன்றாம் வருஷத்திலிருந்து என்ஜினை நிறுத்தாமல், சீட்டை விட்டு இறங்காமல், கண்டக்டரின் விசிலுக்காகக் காத்திருப்பேன். மாமனாரும் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். மண்டிக்குள்ளே மூட்டைகளுக்கு நடுவில் அவர் வெள்ளைத் துண்டு தெரியும். பெண்ணைக் கொடுத்த குற்றத்துக்காக அவர் தலை குனிந்திருந்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

என் மனைவி எட்டாவது வரை படித்தவள். அதிகம் பேசமாட்டாள். என் அம்மா சொன்னதையெல்லாம் செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைதான் சாப்பாடு. ஈரப் புடவையோடு கோயில் பிராகாரத்தைச் சுற்றினாள். செங்கத்திலிருந்து வந்த கறுப்பு லேகியத்தை முகம் சுளிக்காமல் விழுங்கினாள். யாருக்காவது வளைகாப்பு என்றால் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அன்றைக்கு அவள் பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கி வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், அவளாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் லேடி டாக்டரைப் பார்த்தாள். பலமுறை போனாள். கர்ப்பக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று காற்றைச் செலுத்திப் பார்த்தார்களாம். அன்று சாயந்திரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் வலி வந்தால் நல்லது, குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம் என டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். நான் பேப்பரை மடித்து வைக்கக்கூட இல்லை.

நாலைந்து நாள் கழித்து, நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா எங்கிட்ட கோளாறு ஒண்ணும் தெரியலன்னாங்க."

"சரி."

"உங்களயும் ஒரு தடவ பரிசோதிக்கணுமாம். ஆம்பளைங்க கிட்டயும் கொறை இருக்கலாமாம்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அந்தம்மா இன்னா, என்னை ஆம்பள இல்லன்றாளா?" என்று கத்தினேன். சுவரில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையை இழுத்ததில் பட்டன் ஒன்று தெறித்து உருண்டது. அதன் பிறகு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பட்டனை மட்டும் யாருக்கும் தெரியாமல் தைத்து வைத்திருந்தாள்.

அம்மா வேறு வழி யோசித்தாள். போளூரில் இருந்த அவள் தம்பிக்குப் பதினெட்டு வயதில் ஒரு பெண். இரண்டாம் தாரமாகக் கட்டி வைக்கலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. முதல் மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம்தான். ஆனால் எங்கள் தெருவில் சட்டத்தைக் கேட்டு யாரும் கல்யாணம் செய்யவில்லை. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது சம்மதம்தான்.

ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசல் வரை வந்தாள்.

"நீங்க கட்டிக்குங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ டாக்டர்கிட்ட போய்ப் பாருங்க. உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா, அந்தப் பொண்ணுக்கு நானே மணப்பலகை போடறேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. போளூர் வீட்டுப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். இன்னும் ஐந்து வருஷம் கழித்து அவளும் இப்படி வாசலில் நின்றால் என்ன செய்வேன்?

கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். பட்டாளத்தில் டாக்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஐம்பது வயது இருக்கும். லேடி டாக்டரே அவரைத்தான் சொல்லியிருந்தார். காய்ச்சல் என்று பொய் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையே. வந்த விஷயத்தைச் சொல்லுப்பா" என்றார். சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சேர்ந்து இருக்கறதுல கஷ்டம் ஏதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இருப்பே. யார் இல்லன்னாங்க? நீ இன்னா வேல பாக்கறே?"

"பஸ் டிரைவருங்க."

"காலி வண்டியும் அதே வேகத்துலதான ஓடும்? உள்ள ஜனம் இருக்காங்களான்றது வேற கேள்வி. ஆம்பளத்தனம் வேற, கொழந்த பொறக்கறது வேற. இது ரெண்டயும் போட்டுக் கொழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேரு இங்க வரவே மாட்டேன்றான்."

கதவுப் பக்கமே உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருந்த நான் அவர் பக்கம் திரும்பினேன்.

பிறகு வரிசையாகக் கேட்டார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா? வந்தது, ஒன்பது வயதில். தாடை வீங்கினபோது கீழே விதையும் வீங்கினதா? இல்லை. பெரியவனான பிறகு அது வந்தால்தான் சில பேருக்கு விதையைக் கெடுத்துவிடும் என்றார். அடிபட்டதுண்டா, காசநோய் உண்டா, குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்றார். வெளியே பெண்களிடம் போய் நோய் வாங்கியதுண்டா என்றும் சுற்றி வளைக்காமல் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பீடி உண்டு என்றேன்.

"எப்படி உக்காந்து ஓட்டறே?"

அப்போது நான் ஓட்டியது முன்பக்கம் தட்டையான புது மாதிரி வண்டி. என்ஜின் டிரைவர் பக்கத்திலேயே, ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். சித்திரை மாதத்தில் அந்த மூடிமேல் ஈரச் சாக்கைப் போட்டால் செஞ்சி போவதற்குள் காய்ந்துவிடும். அது போதாதென்று இறுக்கமாக லங்கோடு கட்டிக்கொள்வது என் பழக்கம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

நிற்க வைத்துத்தான் பரிசோதித்தார். மூச்சை அடக்கச் சொன்னார், இருமச் சொன்னார். நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடது பக்கம் சாயந்திரத்துல கனமா இழுக்குமா?"

"இழுக்குங்க. டிரைவர் வேலைல எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"போலீஸ்காரங்க கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டுப் பொடச்சிருக்கும், பாத்திருக்கியா? அதே மாதிரி உனக்கு விதைக்கு மேல ரத்தக் குழாய் சுருட்டிக்கிட்டு இருக்கு. விதைப் பை ஏன் ஒடம்புக்கு வெளிய தொங்குது? சூடு கம்மியா இருக்கணும்னுதான். அங்க ரத்தம் தேங்கினா சூடு ஏறும். பக்கத்துல என்ஜின் வேற. ஆனா இதுதான் காரணம்னு இப்பவே சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு இது இருந்தும் கொழந்த இருக்கு. முதல்ல விந்தைப் பாக்கணும்."

வாய் அகன்ற ஒரு கண்ணாடிச் சீசாவைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். நாலு நாள் மனைவியோடு சேராமல் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் எடுத்து, உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். கோயிலுக்கு நேர்ந்துகொண்டது போல அந்த நாலு நாளையும் எண்ணினேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு என் மனைவி அம்மாவைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் ஒரு கள்ளச் சிரிப்பைக் கண்டேன். நான் சீசாவை இடுப்பு மடிப்பில் சொருகி, மேலே சட்டையை விட்டு, சைக்கிளை மிதித்தேன். வழியில் கம்பெனி செக்கர் எதிரில் வந்து, "இன்னாப்பா இவ்ளோ அவசரம், இறங்கி ஒரு டீ சாப்பிட்டுப் போ" என்றார். வயிற்றுக் கோளாறு என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே பறந்தேன்.

டாக்டர் மேஜைமேல் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப் இருந்தது. ரத்த அணுக்களை எண்ணுகிற கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த சின்ன முகக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகு நேரம் குனிந்திருந்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வா, நீயும் பாரு" என்றார்.

முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு வட்டமான ஒரு வெளிச்சம், கோடுகள், தூசி போல ஏதோ.

"நல்லா இருந்தா சந்தைக் கூட்டம் மாதிரி நெரியும். உனக்கு சந்தை கலஞ்ச அப்புறம் மாதிரி இருக்கு. அதுலயும் பாதி படுத்துக் கெடக்கு."

"அப்ப அவ்ளோதானா டாக்டர்?"

"கண்ண எடுக்காதே. வலது பக்க ஓரத்துல பாரு."

பார்த்தேன். தலைப்பிரட்டையைப் போல, ஆனால் அதைவிட மெலிதாக ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு ஒரு கோட்டைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் இன்னொன்று.

"இருக்கு பாரு. கம்மியா இருக்கு. ஆனா இல்லாம இல்ல. இல்லவே இல்லன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

ஒரே தடவையில் முடிவு கட்டக்கூடாது, இரண்டு மாதம் முன்னால் வந்த காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும் என்று சொல்லி, ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். மறுபடியும் அதே கதைதான்.

போளூர் மாமா நிச்சயம் பேச வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நாள் பார்க்கிற பேச்சை எடுத்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"மாமா, பொண்ணுக்கு வேற நல்ல எடமா பாருங்க" என்றேன்.

"ஏம்பா, எங்க பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?"

"உங்க பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. உள்ள இருக்கறவளுக்கும் இல்ல. கொறை எங்கிட்டதான். ரெண்டு தடவ பரிசோதிச்சாச்சு."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எவன்டா உனக்கு இப்படி சொன்னவன்? இவ எதையாச்சும் சொல்லிக் குடுத்தாளா?"

"நானே என் கண்ணால பாத்தேம்மா."

மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எம் பொண்ணக் கொண்டாந்து தள்ளிட்ட அப்புறம் சொல்லாம, முன்னாடியே சொன்னே பாரு. நல்லா இருப்பே" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் திரும்பி, "அக்கா, மருமவளுக்குச் சோறு போடு. வெள்ளிக்கெழம அதுவுமா பட்டினி கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அசையவில்லை. நான்தான் சமையலறைக்குப் போனேன். என் மனைவி அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க ஈரம். தட்டு எடுத்துச் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அவள் முன்னால் வைத்தேன். அளவு தெரியாமல் நிறைய வைத்துவிட்டேன். அவள் பிசைந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். மூன்று வருஷத்தில் வெள்ளிக்கிழமை மதியத்தில் அவள் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் கீழ்பென்னாத்தூரில் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி மண்டிக்குள் போனேன். மாமனார் பதறி எழுந்தார். நின்றபடியே இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒரு மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்க்காதவன் போல நான் தராசைப் பார்த்தேன்.

"மாப்ளே, வண்டி டயம் ஆவுது. போய் ஏறுங்க" என்றார். பிறகு என் பின்னாலேயே வெளியே வந்து, பஸ் கிளம்பும் வரை வெயிலில் தலை நிமிர்ந்து நின்றார்.

பட்டாளத்து டாக்டர் வேலூரில் ஒரு சர்ஜனுக்குக் கடிதம் கொடுத்தார். கம்பெனியில் குடல் இறக்கம் என்று சொல்லி லீவு வாங்கினேன். சர்ஜன் என்னைவிட இளையவர். சுருட்டிக்கொண்ட ரத்தக் குழாயைக் கட்டிவிடுவோம், தேக்கம் குறையும் என்று படம் போட்டுக் காட்டினார்.

"கொழந்தைக்கு நான் உறுதி சொல்ல முடியாது. சில பேருக்கு எண்ணிக்கை ஏறுது, சில பேருக்கு ஏறல. ஏறினாலும் மாசக்கணக்குல ஆகும். புதுசா ஒரு விந்தணு உருவாகி வெளிய வரவே ரெண்டரை மூணு மாசம் ஆகுது."

"பண்ணிடுங்க டாக்டர்" என்று சொன்னது நானல்ல, பக்கத்தில் நின்ற என் மனைவி. வார்டில் இருந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதுபோல அதற்கு முன் பேசியதே இல்லை. காற்று செலுத்தின பரிசோதனை எப்படி வலித்தது என்று அப்போதுதான் கேட்டேன். சொன்னாள். தோளைப் பிடித்துவிட்டேன். தையல் இழுத்தது, இருந்தாலும் பிடித்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் கேட்டு, என்ஜின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பழைய மூக்கு வண்டிக்கு மாறினேன். "புது வண்டிய விட்டுட்டு ஓட்டை வண்டிய கேக்கறான் பாரு" என்று ஷெட்டில் சிரித்தார்கள். லங்கோட்டை விட்டேன். பீடியையும் விட்டேன், அதுதான் ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்துச் சீசாவோடு போனேன். பெரிய மாற்றம் இல்லை. அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லாம இல்லன்னுதான சொன்னாரு? அது போதும், வாங்க" என்றாள். ஆறாம் மாதம் டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர்ந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சந்தைக்கு ஜனம் வர ஆரம்பிச்சிருக்குப்பா" என்றார். ஆனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் ஏமாற்றமாகத்தான் போயிற்று. அந்த நாட்களில் ஒரு நாள் அவளிடம் கேட்டேன், "பொறக்கலன்னா?" என்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "நாம ரெண்டு பேரு இருக்கமே" என்றாள். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் இருக்கும். தாய் வீட்டுக்குப் போயிருந்தவள் கீழ்பென்னாத்தூரில் என் வண்டியில் ஏறினாள். பாதி வழியில் ஜன்னல் கம்பியைத் தட்டினாள். நிறுத்தினேன். இறங்கி ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கண்டக்டர் சோடா தேடி ஓடினான். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், வண்டி நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து விரலை மடக்கி நாள் தள்ளிப்போன கணக்கைக் காட்டினாள். அதற்கப்புறம் நான் ஓட்டிய வேகத்துக்கு மாட்டு வண்டிகள் எங்களை முந்தின. "இன்னா டிரைவரே, டீசல் இல்லயா?" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

ஏழாம் மாதம் லேடி டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மரத்தில் செய்த ஊதுகுழல் மாதிரி ஒன்றை அவள் வயிற்றில் வைத்து, "காதை வெச்சுக் கேளுங்க" என்றார். எனக்கு முதலில் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம், தூரத்தில், அவசரமாக, விடாமல், இன்னொரு துடிப்பு. நான் காதை எடுக்கவில்லை. மற்ற பெண்கள் வெளியே காத்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா தோளைத் தட்டினார்.

பெண் குழந்தை. குழந்தையை முதலில் குளிப்பாட்டியது என் அம்மாதான். யாரோ ஒருத்தி, "உம் மருமவ எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டா?" என்று கேட்டதற்கு, "கோயிலும்தான். ஆனா எம் பையனுக்குத்தான் வேலூர்ல ஆபரேஷன் பண்ணாங்க" என்று அம்மா சத்தமாகச் சொன்னாள். நான் அறைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை.

அதன் பிறகு ஷெட்டில் ஒவ்வொருவராகத் தனியே வந்து, "அண்ணே, அந்த டாக்டர் எங்க இருக்காரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலருக்குப் பலித்தது, சிலருக்கு இல்லை. எங்கள் கண்டக்டர் ஒருவருக்கு, பெரியவனான பிறகு வந்த பொன்னுக்கு வீங்கியால் அணுவே இல்லை என்று தெரிந்தது. டாக்டர் அதை அவரிடம் மறைக்கவில்லை. அவரும் அவர் மனைவியும் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, தகப்பன் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, அவர் நேரே ஷெட்டுக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.